கூடுதலாக ஒரு பட்டன்

என் சட்டைகள் எல்லாவற்றிலும் ஒரு பட்டன் கூடுதலாக இருக்கும். காலர் பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவே, வழக்கமாக யாரும் காஜா எடுக்காத இடத்தில். 1998 தீபாவளிக்கு அப்பா தைத்துக் கொடுத்த சட்டையில்தான் அதை முதலில் கவனித்தேன். அப்பா தையல்காரர். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், கடைத்தெருக் கோடியில், ஒரு மெஷினும் ஒரு வெட்டு மேசையுமாக நாற்பது வருஷம் கடை வைத்திருந்தார். அவர் கை தவறிக் காஜா எடுக்கிறவர் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தப் பட்டன் மறைத்த இடத்தில், நெஞ்செலும்பின் மேல், எனக்கு ஒரு தழும்பு வளர்ந்துகொண்டிருந்தது.

ஆரம்பம் ஒரு பரு. பத்தொன்பது வயதில் எனக்கு முகத்தைவிட நெஞ்சிலும் தோளிலும்தான் பரு அதிகம். ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒன்றை நகத்தால் பிதுக்கினேன். ரத்தம் வந்தது, பொருக்குக் கட்டியது, உதிர்ந்தது. மறந்தும் போனேன். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சோப்புப் போடும்போது விரலில் ஏதோ தட்டியது. புளியங்கொட்டை அளவில், அதே வழவழப்போடு, தோலுக்குள் பதித்து வைத்தது போல ஒரு மேடு. அடுத்த வருஷத்துக்குள் அது இடமும் வலமுமாகக் கை நீட்டியது. நடுவில் குறுகி, இரு ஓரங்களில் அகன்று, கிட்டத்தட்ட ஒரு பட்டாம்பூச்சியின் வடிவம். நிறம் ஒரு சமயம் கறுஞ்சிவப்பு, ஒரு சமயம் ஊதா.

பார்வைக்கு அது எப்படி இருந்தது என்பதைவிட, அது அரித்தது என்பதைச் சொல்ல வேண்டும். தழும்பு என்றால் ஆறிப்போன ஒன்று, இனி உடம்புக்கு அதோடு வேலை இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இது ஆறவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும். சொறிந்தால் எரியும், சொறியாவிட்டால் தூக்கம் வராது. பனியன் நூல் பட்டாலே முள் குத்துகிற மாதிரி சுரீரென்று ஒரு வலி. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் முழங்கை நெஞ்சுக்கு நேராக வந்தால் என் கை தானாக எழுந்து குறுக்கே நிற்கும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இதற்குக் கீலாய்டு என்று பெயர் இருப்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பிரான்ஸ் நாட்டுத் தோல் மருத்துவர் ழான் லூயி அலிபர் வைத்த பெயர். 1806இல் அவர் இதைப் புற்றுநோய்ச் சாயலுள்ள ஒன்றாகக் கருதி வேறு பெயரில்தான் விவரித்தார். பிறகு இது புற்று இல்லை என்று தெளிந்ததும், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை எடுத்தார். என் நெஞ்சைப் பார்த்தவர்கள் அந்த மனிதரின் கண்ணை மெச்சுவார்கள். நடுவில் உடல், இரு பக்கமும் கொடுக்கு.

காயம் பட்டால் அதை மூட உடம்பு ஒருவகை நார்ப்பொருளை நெய்கிறது. கொலாஜன் என்பார்கள். சாதாரணத் தழும்பில் வேலை முடிந்ததும் நெசவு நின்றுவிடும். அடுத்த ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் தடிப்பு அமுங்கும், சிவப்பு வெளுக்கும். சிலருக்குக் காயம் பட்ட கோட்டுக்குள்ளேயே தழும்பு தடித்துச் சிவந்து நிற்கும். அதை ஹைப்பர்ட்ரோபிக் தழும்பு என்கிறார்கள். எல்லை தாண்டாது, நாளாக ஆகத் தானே தணியவும் கூடும். கீலாய்டு அப்படி இல்லை. காயம் கடுகளவு என்றாலும் நெசவு நிற்காது, காயத்தின் கரையைத் தாண்டி நல்ல தோலுக்குள் இறங்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது எனக்கு இருபது வயதில் சொல்லியிருந்தால், நான் செய்த தவறுகளில் பாதியைச் செய்திருக்க மாட்டேன்.

முதல் தவறு சுண்ணாம்பு. மருவை உதிர்க்கச் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பதை ஊரில் பார்த்திருந்தேன். அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தீக்குச்சி முனையால் தழும்பின் மேல் தடவினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கால் மணி நேரம் பொறுத்தேன். தோல் வெந்து, புண்ணாகி, பத்து நாள் நீர் வடிந்தது. அம்மாவிடம் சாம்பார் கொட்டிவிட்டது என்றேன். புண் ஆறியபோது அந்த இடத்தில் பழைய தழும்பின் மேல் புதுத் தழும்பு ஏறியிருந்தது. கீலாய்டு வரும் உடம்பில் ஒவ்வொரு சூடும் ஒவ்வொரு கீறலும் இன்னொரு கீலாய்டுக்கு விதையாகலாம். அதை என் கையாலேயே ஊன்றினேன்.

பிறகு மறைக்கக் கற்றுக்கொண்டேன். தாமிரபரணியில் குளிப்பதை விட்டேன். குற்றாலத்துக்குக் கூட்டாளிகள் கிளம்பினால் எனக்குக் காய்ச்சல் வரும். திருச்செந்தூர்தான் பெரிய சோதனை. அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னதிக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறையாவது திருச்செந்தூர் உண்டு. நான் செருப்பையும் பைகளையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்துவிடுவேன். அப்பா ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. அவர் பெரிய துண்டு ஒன்றைத் தோள்கள் இரண்டையும் மூடிப் போர்த்திக்கொண்டு உள்ளே போவார். வீட்டிலும் அவர் கைவைத்த பனியனோடுதான் இருப்பார், மே மாத வெயிலிலும். அவருடைய சுபாவம் அது, கூச்ச சுபாவம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

2003இல் எனக்குப் பெண் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. அதற்கு முன் இதை ஒழித்துவிட வேண்டும் என்று பக்கத்து நகரத்தில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "வெட்டி எடுத்துட்டாப் போச்சு, அரை மணி நேர வேலை" என்றார். இதற்கு முன் எதுவும் வைத்தியம் செய்தீர்களா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, வெட்டிய பிறகு என்ன செய்யப் போகிறோம், ஒன்றையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தீபாவளித் தையல் கூலியிலிருந்து அப்பா பணம் கொடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்துவிட்டு, ஒன்பது தையல் போட்டார்கள்.

ஐந்தாம் நாள் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அம்மா ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் அப்பா முன்னால் சட்டையைக் கழற்றினேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியைப் பார்ப்பதுபோல் குனிந்து, தையலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். பஞ்சால் துடைத்தார். பிளாஸ்திரி ஒட்டினார்.

"இழுத்துத் தச்சிருக்கு. தாங்காதேய்யா."

அவ்வளவுதான் சொன்னார். என் தழும்பைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியது அந்த ஒரு முறைதான். பதினாறு வருஷம் கழித்துத் தோல் டாக்டர் ஒருவர் அதையே விளக்கமாகச் சொன்னார். கீலாய்டு நெஞ்சின் நடுவிலும் தோளிலும் மேல் முதுகிலும் அதிகம் வருவதற்கு அங்கே தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருப்பது ஒரு பெரிய காரணம். கை தூக்கும்போதெல்லாம் நெஞ்சுத் தோல் இரு பக்கமும் விரிகிறது. அதனால்தான் நெஞ்சுக் கீலாய்டு குறுக்குவாட்டில் நீளுகிறது. இழுபடாத கண் இமையில் இது அநேகமாக வருவதே இல்லை. காது மடலில் இழுவை இல்லாமலும் வருகிறதே என்றால், இழுவை மட்டுமே காரணம் இல்லை. வம்சம் இருக்கிறது, தோலின் நிறம் இருக்கிறது, வயது இருக்கிறது. கறுத்த தோலுக்குத்தான் இது அதிகம். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். ஆனால் என் காயத்தின் இரு கரைகளையும் விறைக்க விறைக்க இழுத்துக் கட்டியதில் மறுபடி வளர்வதற்கான அழைப்பு இருந்தது. துணி தைக்கிறவர் அதைப் பார்த்ததும் கண்டுகொண்டார்.

நான்கு மாதம் தழும்பு ஒரு கோடாக இருந்தது. ஐந்தாம் மாதம் அரித்தது. ஒரு வருஷத்தில், வெட்டுவதற்கு முன் இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு. தையல் போட்ட ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குட்டி மேடு. கீலாய்டை வெட்டி மட்டும் விட்டுவிட்டால் மறுபடி வருவது நூற்றுக்கு நாற்பத்தைந்திலிருந்து நூறு வரை என்று மருத்துவப் புத்தகங்கள் எழுதுகின்றன. வெட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வெட்டுவதை மட்டுமே வைத்தியம் என்று நம்பியது தப்பு.

அப்பா அந்த வருஷமும் தீபாவளிச் சட்டையில் கூடுதல் பட்டன் வைத்தார். கொஞ்சம் அகலமான பட்டன்.

கல்யாணம் ஆனது. மனைவி முதல் வாரத்திலேயே பார்த்தாள். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கட்டாயப்படுத்தித்தான் 2011இல் முறையான தோல் மருத்துவரிடம் போனேன். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும் என்றார். ட்ரையாம்சினலோன் என்பது மருந்தின் பெயர். கீலாய்டுக்கு உலகம் முழுக்க முதலில் கையில் எடுக்கும் வைத்தியம் இதுதான். நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை, தழும்பு தட்டையாகும் வரைக்கும்.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதியில் ஓடுகிறவர்கள் அதனால்தான் ஓடுகிறார்கள். சதையில் போடுகிற ஊசி போல் இது வழுக்கிக்கொண்டு போகாது. கீலாய்டு என்பது இறுக்கி நெய்த நார். மருந்து உள்ளே இறங்க மறுக்கும். டாக்டரின் கட்டைவிரல் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்துவார். உள்ளே யாரோ திருகாணியைத் திருகுவது போல இருக்கும். மருந்து போன இடம் மட்டும் ஒரு கணம் வெளுத்து உப்பும். பிறகு ஊசியைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி. எனக்கு ஒரு தடவைக்குப் பன்னிரண்டு, பதினான்கு குத்து.

மூன்றாம் ஊசியில் அரிப்பு நின்றது. பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாக ராத்திரி முழுக்கத் தூங்கினேன். நான்காவதில் தழும்பின் உச்சி அமுங்கியது. ஐந்தாவதுக்கு நான் போகவில்லை. "போதும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று மனைவியிடம் பொய் சொன்னேன். வலிக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மை. மாதம் ஒரு முறை ஒரு அந்நியர் முன் சட்டையைக் கழற்றிப் படுக்க வேண்டியிருந்ததுதான் மீதி. எட்டு மாதத்தில் அது திரும்பி வந்தது. மனைவி கேட்டபோது "இந்த வைத்தியமெல்லாம் நமக்குக் கேட்காது" என்றேன். நான் பாதியில் விட்டதற்கு வைத்தியத்தின் மேல் பழி போட்டேன்.

அந்த டாக்டர் முதல் நாளே கேட்டிருந்தார்: "வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" இல்லை என்று சொன்னேன். அதைப் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை.

2019 ஜூனில் அப்பா போய்ச் சேர்ந்தார். ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், விடியும் முன்பே போய்விட்டார். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது நடு வீட்டில் கிடத்தியிருந்தார்கள். நீர்மாலை எடுத்து வந்து, முற்றத்தில் பெஞ்சில் வைத்துக் குளிப்பாட்டினோம். பனியனைக் கத்திரிக்கோலால் கத்தரித்து எடுத்தார்கள். அவருடைய கடைக் கத்திரிக்கோல்தான். நான் இடது பக்கம் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இடது தோளுக்குக் கீழே, புஜத்தில், ஒரு கைக்குழந்தையின் உள்ளங்கை அகலத்துக்கு, கொடுக்குகளோடு, வழவழவென்று, அதே தழும்பு.

தண்ணீர் அதன் மேல் தங்காமல் வழிந்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன். தடிப்பும் அந்த வழவழப்பும் என் விரலுக்குப் பழகியவை. அம்மா பிறகு சொன்னாள், "சின்ன வயசுல அம்மை குத்துன இடமாம்யா. குத்துன புண்ணு ஆறி அப்படி வளந்துட்டாம். கல்யாணம் ஆன அன்னைக்கே சொல்லிட்டாக. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்னுட்டாக." அப்பா 1946இல் பிறந்தவர். பெரியம்மை நாட்டில் இருந்த காலத்துப் பிள்ளைகள் பலருக்கும் கையில் அந்தத் தடுப்பூசி வடு உண்டு. பெரும்பாலோருக்கு அது வட்டமான ஒரு குழியாக நின்றுவிட்டது. அவருக்கு நிற்கவில்லை. அந்தக் கைவைத்த பனியனும் துண்டும் அதற்குத்தான். ஒரே வீட்டில், ஒரே நோயை, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேர் மறைத்திருக்கிறோம். இல்லை, ஒருவருக்குத்தான் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் காஜா எடுத்தார்.

இனி எழுதுவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதைப் பார்த்த பிறகும், கையால் தொட்ட பிறகும், சுடுகாட்டில் என் நினைப்பு அவர் மேல் இல்லை. கொள்ளி வைக்கிறவன் மேல் சட்டை இல்லாமல் நிற்க வேண்டும். துண்டை மார்பில் போட்டிருந்தேன். "துண்டை இடுப்புல கட்டுங்க" என்றார் காரியம் செய்விக்கிறவர். கட்டினேன். ஊரே நின்றது. குடத்தை இடது தோளில் ஏற்றி, வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடித்தபோது, அந்தக் கை என் தழும்பை மறைத்தது. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்பாவைச் சுற்றி மூன்று சுற்று வந்தேன், குடத்தில் ஒவ்வொரு துளையாகப் போட்டார்கள், தண்ணீர் பின்னால் ஒழுகியது, நான் கை விலகாமல் பார்த்துக்கொண்டேன். என்னைப் பெற்றவரை எரிக்கும்போது என் மனதில் இருந்தது அந்த நிம்மதி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் தோல் பிரிவுக்குப் போனேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் டாக்டர். அதே கேள்வி. "வீட்டுல யாருக்காவது?"

"அப்பாவுக்கு இருந்தது" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அவர் முதலில் சொன்னது எதிர்பார்ப்பைப் பற்றி. "இது இல்லாமலே போயிடும்னு நினைச்சு வராதீங்க. தட்டையாகும், அரிப்பு வலி போகும். தடம் இருக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் வரணும். நின்ன பிறகும் கண்காணிக்கணும்." முன்பு எந்த இடத்திலும் எனக்கு இவ்வளவு குறைவாக வாக்குக் கொடுத்ததில்லை. ஆனால் இந்த வாக்கைத்தான் நம்ப முடிந்தது.

ஸ்டீராய்டு ஊசியை மட்டும் போடாமல், முதலில் திரவ நைட்ரஜன் வைத்துத் தழும்பை உறைய வைத்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர். புகை கக்கும் குடுவையிலிருந்து பீய்ச்சும்போது தழும்பின் மேல் உப்புப் பூத்தது போல வெள்ளை படரும். பனி உருகி, அந்த இடம் கொஞ்சம் வீங்கி இளகியதும் ஊசி. இளகிய தழும்புக்குள் மருந்து முன்பைவிட லேசாக இறங்கியது. மறுநாள் கொப்புளம் கட்டும், நீர் வடியும், அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். சில மாதம் கழித்து, ஸ்டீராய்டின் அளவைக் குறைத்து அதோடு 5-ஃப்ளூரோயுரசில் கலந்து போட்டார்கள். சீட்டைப் பார்த்த மனைவி மருந்துக் கடையில் விசாரித்துவிட்டு, "இது கேன்சர் மருந்தாமே" என்று நடுங்கிப்போனாள். புற்றுநோயில் வேகமாகப் பெருகும் செல்களை அடக்குகிற மருந்துதான். அதே குணத்தால் கீலாய்டில் நார் நெய்யும் செல்களையும் அடக்குகிறது. கீலாய்டு புற்றுநோய் இல்லை, தொற்றுகிற நோயும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தைப் போடக் கூடாது.

வீட்டில் சிலிக்கோன் தகடு. ஒளி ஊடுருவும் மெத்தென்ற ஒட்டுத் தகடு, தினமும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும். அது தோலின் ஈரத்தை ஆவியாக விடாமல் பிடித்து வைப்பதில்தான் பலன். முழுதும் ஆறிய தோலில் மட்டுமே ஒட்டலாம், புண்ணின் மேல் கூடாது. திருநெல்வேலிச் சீமை வெயிலில் நெஞ்சில் அதை ஒட்டிக்கொண்டு திரிவது லேசு இல்லை. வேர்வையில் வழுக்கும், வேர்க்குரு வரும். கழற்றி, கழுவி, காய வைத்து, ராத்திரி ஒட்டினேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பஸ் ஓடவில்லை. மூன்று மாதம் போக முடியவில்லை. ஜூனில் வலது கொடுக்கின் நுனி மட்டும் மறுபடி தலைதூக்கியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். "நுனிதானே, பிடிச்சுடலாம்" என்றார் டாக்டர். பிடித்தார்.

அந்த ஆஸ்பத்திரி நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்த மாதங்களில் என்னைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தேன். கல்லூரிப் பெண் ஒருத்திக்கு மேல் காதில், காது குத்தும் துப்பாக்கி வைத்துத் துளை போட்ட இடத்தில், நெல்லிக்காய் அளவு உருண்டை. தோழிகள் வைத்த பெயர்களை அவள் அம்மா சொல்லி அழுதார். அவளுக்கு வெட்டித்தான் எடுத்தார்கள். வெட்டிய கையோடு அங்கேயே ஊசி, பிறகு மாதா மாதம் ஊசி, காதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கிளிப் கம்மல், மாதக்கணக்கில். காதை இப்படி இரு பக்கமும் அழுத்திப் பிடிக்க முடியும், நெஞ்சை முடியாது. எனக்குத் தப்பான வைத்தியம் அவளுக்குச் சரியான வைத்தியமாக இருந்தது. அவள் துணையில்லாமல் வரத் தொடங்கிய நாளில் கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தாள்.

தோளில் பெரிதாக வளர்ந்த ஒருவருக்கு வெட்டிய மறுநாளே கதிர்வீச்சு தொடங்கினார்கள். அறுவை முடிந்து ஓரிரு நாளுக்குள் கொடுத்தால் மறுபடி வளர்வது வெகுவாகக் குறைகிறது. சிறுபிள்ளைகளுக்கும், தைராய்டு, மார்பகம் போன்ற இடங்களுக்குப் பக்கத்திலும் அதை யோசித்துத்தான் கொடுப்பார்கள். ஸ்டவ் வெடித்துக் கழுத்து தாடையோடு ஒட்டிப்போன ஓர் அக்காவும் வருவார். அவருடைய தழும்பு கீலாய்டு இல்லை, சுருங்கி இழுக்கும் தீத்தழும்பு. அதை விடுவித்துத் தோல் ஒட்டு வைத்து, அழுத்தக் கழுத்துப்பட்டை போட்டு, தினமும் பயிற்சி செய்தார். முகத்தில் பருக்குழிகளோடு வரும் பையன்களுக்கு வேறு வழி. குழி என்பது நார் அதிகமாகி வந்ததில்லை, குறைந்து வந்தது. அடியிலிருந்து பிடித்து இழுக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடுவதும், நுண்ணூசி உருளையும், லேசரும் அவர்களுக்கு. தழும்பு என்று ஒரே சொல்லால் நாம் சொல்வது ஒன்றுக்கொன்று நேர் எதிரான நோய்களை.

லேசரைப் பற்றி நானும் கேட்டேன். மூன்றே சிட்டிங்கில் தடமே தெரியாது என்று விளம்பரம் பார்த்திருந்தேன். சிவப்பையும் அரிப்பையும் குறைக்கும், ஊசியோடு சேர்த்தால் உதவும், லேசர் மட்டும் கீலாய்டைக் கரைக்காது, நம் நிறத் தோலில் அளவு தவறினால் கறுப்போ வெளுப்போ படியும் என்று டாக்டர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிவை என்னிடம் விட்டார். நான் ஊசியோடே இருந்தேன்.

2021 கடைசியில் நிறுத்தினார்கள். இப்போது என் நெஞ்சில் மேடு இல்லை. சாம்பல் வெளுப்பில் ஒரு பட்டாம்பூச்சித் தடம், தோல் மெலிந்து சுருக்கத்தாள் போல, நடுவில் இழை இழையாகச் சிவப்பு நரம்பு. ஸ்டீராய்டு விட்டுப்போனவை அவை. அரிப்பு இல்லை. அடுத்த வருஷம் அப்பாவின் திதிக்குத் தாமிரபரணியில் மூழ்கி எழுந்தேன். சித்தி பார்த்துவிட்டு "என்னய்யா அது நெஞ்சுல?" என்றார். என்ன என்று சொன்னேன். அப்பாவுக்கு இருந்ததையும் சொன்னேன்.

போன வருஷம் மகனுக்குப் பதினைந்து வயது. தோளிலும் நெஞ்சிலும் பரு. குளியலறையிலிருந்து வந்தவன் தோளில் ரத்தப் பொட்டைப் பார்த்த அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவன் பிறந்தபோது போட்ட பிசிஜி ஊசித் தழும்பை இத்தனை வருஷமும் எத்தனையோ முறை கட்டைவிரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். குழியாகத்தான் இருந்தது. டாக்டரும் அதைத்தான் முதலில் பார்த்தார். பருவை இப்போதே அடக்கிவிட்டால் புண் ஆகாது, புண் ஆகாவிட்டால் பயம் பாதி குறையும் என்று மாத்திரையும் களிம்பும் எழுதினார். கிள்ளக் கூடாது, தோளில் பச்சை குத்தக் கூடாது, எந்த அறுவை என்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அவனிடமே நேராகப் பேசினார்.

பிறகு பேனாவை எடுத்தார். "வீட்டுல யாருக்காவது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான். "தாத்தாவுக்கு. அப்பாவுக்கு."

"அப்பாவோடதைப் பார்க்கலாமா?" என்று என் பக்கம் திரும்பினார்.

அப்பா கடைசியாகத் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தேன். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டாவதாக இருந்த பட்டனின் காஜா, துவைத்துத் துவைத்து ஓரம் பிசிறு விட்டிருந்தது. மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.